உள்நுழைந்தவர் வெளியே நிற்பது ஏன்?

இக்காலத்து வாணிக நிலையங்களிலும் கல்லூரி அலுவலகங்களிலும் கணக்கு, சரக்கிருப்பு, சம்பளப் பட்டி, கட்டண வரவு முதலியன பெரும்பாலும் இணையவழி நிரல்களிலேயே எழுதப்பெறுகின்றன. அவற்றைக் கையாளும் எழுத்தரை வினவினால் ஒரு குறையைத் தவறாது கூறுவர். நெடிய விலைப்பட்டியல் ஒன்றை வரிவரியாக நிரப்பி, ‘சேமி’ என்னும் பொத்தானை அழுத்திய அளவிலே, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முதற்பக்கம் வந்து நிற்கும், நிரப்பியதெல்லாம் மறைந்துபோம். மற்றொருவர் சரியான கடவுச்சொல்லையே பன்முறை தட்டுவர். பிழையென்ற சொல்லும் வாராது, உள்ளே செல்லவும் இயலாது. இவற்றைக் கேட்டவுடன், கடவுச்சொல்லை மாற்றிப் பாருங்கள் என்று விடை கூறிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றது. அது பெரும்பாலும் வீண் வேலை. பழுது கடவுச்சொல்லில் இல்லை. கடவுச்சொல் ஏற்கப்பெற்ற பின்னர் வழங்கப்பெறும் வேறொரு பொருளில் இருக்கின்றது. அப்பொருள் இன்னதென்பதையும், அது தொலைந்த இடத்தைக் கண்டுகொள்ளும் வகையையும் ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

உலாவிக்கும் சர்வருக்கும் இடையே செய்தி செல்லும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் அதனை வகுத்தபொழுது, ஆராய்ச்சிக் குறிப்புக்களை எளிதிற் பகிர்ந்துகொள்வதே நோக்கமாயிருந்தது. ஆகவே கேட்ட பக்கத்தைக் கொடுத்தால் போதும். கேட்டவர் யாவர், முன்னர் யாது கேட்டார் என்பனவற்றை நினைவில் வைக்கவேண்டுவதில்லை. சர்வரை, மேசைமுன் வந்தவர் முகத்தை மறுகணமே மறந்துவிடும் ஒரு கணக்கப்பிள்ளையாக எண்ணிக்கொள்க. பத்து நொடிக்கு முன் தம் பெயரைச் சொன்னவரையும் அவர் மீண்டும், “தாங்கள் யார்?” என்றே கேட்பர்.

இம்மறதியை வைத்துக்கொண்டு வாணிகம் நடத்தல் இயலாது. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் இதற்கொரு வழி கண்டார். கணக்கப்பிள்ளை ஒரு சீட்டை எழுதிக் கொடுப்பர். வந்தவர் ஒவ்வொரு முறையும் அச்சீட்டைக் காட்டவேண்டும். அச்சீட்டுக்குக் ‘குக்கி’ என்று பெயரிட்டனர். (தின்பண்டத்தின் பெயரை இதற்கு இட்டது நமக்கு நகைப்பையே தருகின்றது; எனினும் பெயர் நிலைத்துவிட்டது.) வாணிக நிரல்களில் அச்சீட்டில் இருப்பது பெரும்பாலும் எளிதில் ஊகிக்கவொண்ணாத ஒரு நீண்ட எண் மாத்திரமே. அவ்வெண்ணுக்குரியவர் இன்னார், அவர் செய்யத்தக்கவை இவை என்பன சர்வரிடத்துள்ள பேரேட்டில் இருக்கும். சீட்டும் பேரேட்டு ஏடும் பொருந்தியிருக்கும் காலத்தையே ‘அமர்வு’ என்கின்றனர்.

இதனை உணர்ந்தால், குறை தேடும் வழியும் தானே புலப்படும். சீட்டு வழங்கப்பெற்றதா? உலாவி அதனைத் திரும்பக் காட்டிற்றா? காட்டியபொழுது பேரேட்டில் அவ்வெண் இருந்ததா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் வேறெதனையும் தொடுதல் கூடாதென்பது நம் கருத்து. முதலிரண்டிற்கும் விடையை உலாவியே காட்டும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் எஃப்-12 விசையை அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதன் ‘நெட்வொர்க்’ பகுதியில், சர்வரின் மறுமொழியில் ‘செட்-குக்கி’ என்னும் வரி உளதாயின் சீட்டு வழங்கப்பெற்றது. அடுத்த வேண்டுகோளில் ‘குக்கி’ என்னும் வரியில் அதே எண் உளதாயின் சீட்டு காட்டப்பெற்றது.

சீட்டே வழங்கப்பெறாமைக்குக் காரணம் சிலபோது மிகச் சிறியதாயிருக்கும். டோலிபார், சூட்-சி.ஆர்.எம். முதலிய வாணிக நிரல்கள் பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பெற்றவை. அம்மொழியில், பக்கத்தின் உள்ளடக்கம் ஓரெழுத்தேனும் புறப்பட்டுவிட்டால் அதன் பிறகு குக்கியை அனுப்ப இயலாது. நிரற்கோப்பைத் திருத்தியவர் அதன் முதலில் ஒரு வெற்று வரியை விட்டிருந்தாலும், அது வெளியே சென்று சீட்டைத் தடுத்துவிடக்கூடும்.

சீட்டு வழங்கப்பெற்றும் உலாவி காட்டவில்லையாயின் முகவரியை நோக்குக. முன்னொட்டாகிய மூன்று டபிள்யூக்களோடு கூடிய முகவரிக்கு வழங்கிய சீட்டு, அவை இல்லாத முகவரிக்குச் செல்லாதிருக்கலாம். மறைகுறியிட்ட வழிக்கு மட்டும் உரியதென்று குறித்த சீட்டு, ‘எஸ்’ இல்லாத எச்.டி.டி.பி. வழியிற் செல்லாது. 2020 பெப்ருவரியில் குரோம் உலாவியின் 80-ஆம் பதிப்பு வந்தபொழுது, தனிக் குறிப்பு இல்லாத சீட்டுக்களைப் பிற தளத்துப் பக்கங்களின் உட்சட்டத்திற் காட்டுவதற்கு மறுக்கும் விதி புகுந்தது. அதுகாறும் செவ்வனே நடந்த நிரல்கள் சில அதனால் நின்றன.

இனி மூன்றாவது வினா. இதிலேதான் எழுத்தருடைய துன்பத்தின் வேர் பெரும்பாலும் கிடக்கின்றது. பி.எச்.பி. மொழியின் இயல்பான ஏற்பாட்டில், ஓர் ஏடு 1440 நொடி, அஃதாவது 24 நிமிடம் தீண்டப்படாதிருந்தால் குப்பையாகக் கருதப்படும். தீண்டுதலாவது சர்வருக்கு ஒரு வேண்டுகோள் வருதல். எழுத்தர் அரைமணி நேரம் விடாது தட்டிக்கொண்டிருந்தாலும், ‘சேமி’ என்னும் பொத்தானை அழுத்தும்வரையில் சர்வருக்கு யாதொரு செய்தியும் செல்லாதிருக்கலாம். “நான் சும்மா இருக்கவில்லையே!” என்று எழுத்தர் முறையிடுவதும் மெய், அவர் சும்மா இருந்தார் என்று சர்வர் கொண்டதும் அதனளவில் மெய்.

மேலும், குப்பையான ஏடு அந்த நொடியிலேயே அகற்றப்படுவதன்று. அம்மொழியின் இயல்பான அமைப்பில், அமர்வு தொடங்கும் நூறு முறையில் ஏறக்குறைய ஒரு முறையே பெருக்குதல் நிகழும். ஆகையால் அலுவலகம் நெருக்கமாயுள்ள நாளில் ஏடு உடனே அகற்றப்படும்; கூட்டம் குறைந்த நாளில் இரண்டு மணி நேரமும் தப்பியிருக்கும். “நேற்று நன்றாயிருந்தது, இன்று இல்லை” என்னும் புதிருக்கு விடை இதுவாகலாம். டெபியன், உபுண்டு முதலியவற்றில் வேறு முறை உண்டு: அரைமணிக்கொருமுறை தனியான ஓர் ஏவல் வந்து பெருக்கும். அது பொது அமைப்புக் கோப்பிலுள்ள கால எல்லையையே நோக்கும். நிரலுக்குள் எட்டு மணி என்று எழுதிவைத்தாலும் அதனை அறியாது. ஒரே அறையில் இரண்டு நிரல்கள் தம் ஏடுகளை வைத்திருப்பின் இன்னுமொரு கேடு உண்டு. குறுகிய எல்லையுடைய நிரல் பெருக்கும்பொழுது மற்றதன் ஏடுகளும் உடன் போய்விடும். ஒவ்வொன்றிற்கும் தனியறை அமைப்பதே இதற்கு மருந்து.

சர்வர்கள் இரண்டாயிருந்து பேரேடு ஒன்றினிடத்தில் மட்டும் இருந்தால், மற்றதிடம் சென்ற வேண்டுகோள் அந்நியனுடையதாகும். வட்டில் இடம் நிரம்பியிருந்தால் ஏடு எழுதப்படவே மாட்டாது; சரியான கடவுச்சொல்லும் முதற்பக்கத்திற்கே திரும்பும் மௌனமான பிழைக்கு இது ஒரு காரணம்.

இவ்வளவும் தேடுவதற்கு மனமின்றி, அமர்வின் எல்லையை ஒரேயடியாக ஒரு மாதமாக்கிவிடுவோர் உளர். அதனை நாம் ஒப்பமாட்டோம். சீட்டை வைத்திருப்பவரே உரியவர் என்று சர்வர் கருதுமாதலின், சீட்டைக் களவாடியவனுக்குக் கடவுச்சொல் வேண்டுவதில்லை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ‘பயர்ஷீப்’ என்னும் கருவியை வெளியிட்டு, பொது வை-பையில் அருகிலிருப்போரின் சீட்டுக்களை யாவரும் கவரக்கூடுமென்பதைக் காட்டினார். 2023-இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கருவிகளில் நினைவகத்திலிருந்து சீட்டுக்கள் கசிந்தபொழுது, திருத்தத்தை நிறுவினால் மட்டும் போதவில்லை. முன்னரே கசிந்த சீட்டுக்கள் செல்லுபடியாய் இருந்தமையின், நடப்பிலிருந்த அமர்வுகளையெல்லாம் முறித்தெறிய வேண்டியதாயிற்று. எழுத்தருக்கு வேண்டுவது நெடிய எல்லை அன்று. நிரப்பும்பொழுதே சில நிமிடங்களுக்கொருமுறை வரைவைச் சேமிக்கும் ஏற்பாடும், எல்லை நெருங்குகையில் ஓர் எச்சரிக்கையுமே.

குறை தேடுவோர் தாமே கேட்டிற்கு வாயிலாகலும் உண்டு. எஃப்-12 பலகையிற் கண்டவற்றை ‘ஹார்’ என்னும் கோப்பாக்கி உதவி நிலையத்திற்கு அனுப்புதல் வழக்கம். அக்கோப்பில் சீட்டின் எண்ணும் உடன் செல்லும். உள்நுழைவுச் சேவையையே தொழிலாகக் கொண்ட ஆக்டா நிறுவனத்தின் உதவி நிலையத்துள் 2023 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் புகுந்த திருடர், 134 வாடிக்கையாளர்களின் கோப்புக்களை அடைந்து, அவற்றிலிருந்த சீட்டுக்களைக் கொண்டு ஐவருடைய அமர்வுகளைக் கைப்பற்றினர் என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2024-இல் வந்த 130-ஆம் பதிப்பு முதல் குரோம் உலாவி இக்கோப்பிலிருந்து குக்கிகளை இயல்பாகவே நீக்கித் தருகின்றது. மற்ற உலாவிகளை ஆள்வோர், கோப்பைத் திறந்து ‘குக்கி’ என்னும் சொல்லைத் தேடி எண்களை அழித்துவிட்டு அனுப்புக; அனுப்பிய பின்னர் நிரலில் ‘வெளியேறு’ என்பதையும் அழுத்துக. உலாவியின் சாளரத்தை மூடினால் மட்டும் சர்வரிடத்துள்ள ஏடு அழிவதில்லை.