மீன் எண்ணெயும் மரத்துப்போன விரல்களும்

குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் நோய்க்கு மீன் எண்ணெய் உதவலாம் என்று 1986-ல் சொன்னவர் மருத்துவர் அல்லர். அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் அறிஞர் டான் ஸ்வான்சன். ஆய்வகத்துக்கே போகாமல் எப்படிக் கண்டார்?

ரேனாட் நோயாளிகளின் இரத்தம் பிசுபிசுப்பு மிகுந்தது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்றன சில கட்டுரைகள். மீன் எண்ணெய் இவ்விரண்டையும் குறைக்கிறது என்றன வேறு சில. ஒரு தரப்பை மறுதரப்பு மேற்கோள் காட்டவே இல்லை எனலாம். இரண்டையும் படித்து இணைத்தவர் ஸ்வான்சன். 1989-ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குப் பலன் கிடைத்ததைக் காட்டியது.

ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே 11 இணைப்புகளை 1988-ல் அவரே சுட்டினார். பிறகு நீல் ஸ்மால்ஹைசருடன் சேர்ந்து ‘ஆரோஸ்மித்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். இப்படித் தனித்தனியே நிற்கும் இரு கட்டுரைத் தொகுப்புகளின் தலைப்புகளிலும் பொதுவாக வரும் சொற்களை அது பட்டியலிடும். ‘நோயாளி’ போல எங்கும் வரும் சொற்களால் பயனில்லை. வழக்கத்தைவிட அந்தத் தொகுப்புகளில் அடர்ந்து வரும் சொல்தான் துப்பு. ஆனால் ஒன்று மற்றொன்றைக் ‘கூட்டுகிறது’ என்றாலும் ‘குறைக்கிறது’ என்றாலும், எண்ணிக்கையில் அது இரு சொற்கள் சேர்ந்து வருவது மட்டும்தான். அதனால் கட்டுரையை ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். ஸ்வான்சனும் படித்தார்.