முயற்சியைத் தளர்த்தும் யோகம்

நாள் முழுதும் குழித்தறியில் குனிந்திருந்து எழும் நெசவாளருக்கு யோகாசனம் நலம் தரும் என்பதை நம் அங்கத்தினர் அறிவர். ஆயினும் முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டு, கால்விரலைத் தொட்டே தீருவது என்று முனைவோர், மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தறியில் அமர இயலாது தவிக்கின்றனர். அன்றைய கூலியும் போகிறது.

இம்முரட்டு முயற்சி யோக நூலுக்கே மாறானது. ஆசனம் உறுதியும் சுகமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது பதஞ்சலி முனிவரின் கருத்து. அது கைகூட முயற்சியைத் தளர்த்துமாறும் அவர் கூறுகிறார். தளர்த்துவது சோம்பலன்று. பாவை மிகைபட இழுத்தால் இழை அறும், தொய்ய விட்டால் நெசவு கெடும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுமா?

1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் கடும் அப்பியாசங்களைக் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் அவரவர் உடல்நிலைக்கேற்ப ஆசனங்களை மாற்றிக் கற்பித்தார். அவர் வழியில் சுவாசமே அளவுகோல். குனிந்தே உழைப்பவர் மேலும் குனிவதைவிட, மார்பை விரிப்பதே முதலில் வேண்டுவது என்பது என் எண்ணம். மூச்சை இழுத்தவாறு கைகளை மெல்ல உயர்த்துக, விட்டவாறு தாழ்த்துக. மூச்சு முடியுமிடத்தில் அசைவும் முடியட்டும். மூச்சு திணறினால் அன்றைக்கு அவ்வளவே போதும். முன்னரே இடுப்பு நோவுள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.