டைம்ஷேர் மறுவிற்பனை: பேரம் பேசுவதற்கு முன்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்தை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 1991-ஆம் ஆண்டு டிஸ்னி ஸ்தாபனத்தார் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அறைகளை இரவுக் கணக்கில் வாடகைக்கு விடுவதோடு நில்லாமல், தங்குமிடத்தில் ஒரு சிறு பாத்தியதையையே பத்திரம் எழுதிப் டைம்ஷேர் எனப்படும் முறையில் பல்லாண்டுக் காலத்துக்கு விற்பது என்பது அந்த ஏற்பாடு. டிஸ்னி வெகேஷன் கிளப் என்னும் அதில் ஒருவர் வாங்குவது இன்ன அறை, இன்ன வாரம் என்று வரையறுத்த உரிமையன்று. ஆண்டுதோறும் அவர் கணக்கில் வந்து சேரும் இத்தனை பாயின்டுகள் என்ற உரிமையே ஆகும். அந்தப் பாயின்டுகளைக் கொடுத்து, தம் பத்திரத்துக்குரிய தங்குமிடத்தில் 11 மாதங்களுக்கு முன்னரும், மற்றத் தங்குமிடங்களில் 7 மாதங்களுக்கு முன்னரும் அறைகளைப் பதிவு செய்துகொள்ளலாம்; இவ்வாண்டுப் பாயின்டுகளை உரிய கெடுவுக்குள் அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம்; அடுத்த ஆண்டினதை இவ்வாண்டுக்கே கடனாக எடுத்தும் செலவிடலாம்.

இப்படி வாங்கியவர்களில் பலர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதாலோ, உடல் தளர்ந்ததாலோ, கைப்பணம் முடைப்பட்டதாலோ, தங்கள் ஒப்பந்தத்தைப் பிறருக்கு விற்க முன்வருகிறார்கள். ஸ்தாபனத்தாரிடம் நேராக வாங்கினால் பாயின்ட் ஒன்றுக்கு 200 டாலருக்கு மேலும் கேட்கிற பண்டம், மறுவிற்பனையில் பெரும்பாலும் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சந்தையில் நாட்டம் ஏற்படுவது இயல்பு. ஆனால் இந்தச் சந்தையில் விலை பேசத் தெரிந்திருப்பதென்பது, கேட்ட விலையில் பத்து டாலரைக் குறைத்துக் கேட்கும் சாமர்த்தியம் மட்டுமன்று. எதற்கு விலை பேசுகிறோம் என்பதைப் பத்திரத்தையும் கணக்கையும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ளும் நிதானமே அதில் முக்கால் பங்கு என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் எத்தனை ஆண்டுகள் எஞ்சியிருக்கின்றன என்று பார்க்கவேண்டும். இந்தப் பாத்தியதை நிரந்தரமானதன்று. போர்டுவாக், பீச் கிளப் ஆகிய தங்குமிடங்களின் ஒப்பந்தங்கள் 2042 ஜனவரியோடு முடிகின்றன. பே லேக் டவருக்கு 2060 வரையிலும், ரிவியராவுக்கு 2070 வரையிலும் காலம் இருக்கிறது. பாயின்ட் ஒன்றுக்கு 96 டாலர் என்ற ஒரே விலையை ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டால், 2026-இல் வாங்குபவருக்கு 16 ஆண்டுகள் எஞ்சியுள்ள இடத்தில் அது ஆண்டுக்கு 6 டாலராகவும், 34 ஆண்டுகள் எஞ்சியுள்ள இடத்தில் ஏறக்குறைய 2.80 டாலராகவும் ஆகிறது. விளம்பரத்தில் இரண்டும் ஒரே விலையாகத்தான் தோன்றும்.

இரண்டாவதாக, கையில் உள்ள பாயின்டுகளின் கணக்கு. ஒரே தங்குமிடத்தில், ஆண்டுக்கு 160 பாயின்டுகள் உள்ள இரண்டு ஒப்பந்தங்கள் விலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் விற்பவர் இவ்வாண்டுப் பாயின்டுகளை முழுவதும் செலவழித்துவிட்டார். அடுத்த ஆண்டுதான் வாங்குபவருக்குப் புதிய பாயின்டுகள் வரும். அவர் கேட்பது பாயின்டுக்கு 100 டாலர், ஆக 16,000 டாலர். மற்றொன்றில் சென்ற ஆண்டிலிருந்து சேமித்த 160 பாயின்டுகளும், இவ்வாண்டின் 160 பாயின்டுகளும் தொடப்படாமல் இருக்கின்றன. அதற்கு விலை பாயின்டுக்கு 110 டாலர், ஆக 17,600 டாலர். சொந்தக்காரர் ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணத்தில் இவ்வாண்டுக்குத் தாம் கட்டியதையும், பாயின்டுக்கு 8 டாலர் வீதம் 1,280 டாலர், திருப்பித் தரவேண்டும் என்கிறார். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் முதலாவதே மலிவு என்று அதையே நாடுவார். ஆனால் இரண்டாவதற்கு அதிகமாகக் கொடுப்பது 2,880 டாலர். அதற்குக் கிடைப்பது 320 பாயின்டுகள். ஒவ்வொன்றும் 9 டாலர் ஆகிறது. அவற்றைக் கெடுவுக்குள் அனுபவிக்கும் வசதி உள்ள குடும்பத்துக்கு அதுவே அனுகூலம். இரண்டாண்டுக்குப் பிரயாணமே செய்ய இயலாத குடும்பத்துக்கு முதலாவதே உசிதம். ஒருமுறை சேமித்த பாயின்டுகளை மறுபடி சேமிக்க வழியில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். முதலாவது ஒப்பந்தத்தை வாங்குகிறவர், பாயின்டே வராத இவ்வாண்டுக்கான பராமரிப்புக் கட்டணம் தம் தலையில் விழாதபடி, அதை விற்பவரே செலுத்தவேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். பாயின்டை அனுபவிப்பவரே கட்டணத்தையும் ஏற்பது என்பது நியாயமான ஏற்பாடு; நியாயமானதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பத்திரச் செலவும், தரகு நிலையத்தாரின் சில்லறைக் கட்டணங்களும் யாருடையவை என்பதும் பேரத்துக்கு உட்பட்டதே. பாயின்ட் விலையில் இறங்கிவர மறுக்கும் விற்பனையாளர், கட்டணத்திலோ செலவிலோ விட்டுக்கொடுப்பது உண்டு. ஆகையால் பாயின்டுக்கு இவ்வளவு என்று பேசாமல், எல்லாம் சேர்ந்து கடைசியில் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்பதையே பேசுவது நலம். சிறிய ஒப்பந்தங்களுக்குப் பாயின்ட் விலை கூடுதலாகவும், பெரியவற்றுக்குக் குறைவாகவும் இருப்பது இந்தச் சந்தையின் வழக்கம். தேவைக்கு மேற்பட்ட பெரிய ஒப்பந்தத்தை மலிவு என்று எண்ணி வாங்கினால், ஆண்டுதோறும் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும் பராமரிப்புக் கட்டணம் அந்த மலிவை விழுங்கிவிடும்.

மறுவிற்பனையில் வாங்குபவருக்குச் சில உரிமைகள் வருவதில்லை. 2016 ஏப்ரல் முதல் மறுவிற்பனையில் வாங்கிய பாயின்டுகளுக்கு, உறுப்பினர்களுக்கான தள்ளுபடிகளும் சலுகைகளும் கிடையா. 2019 ஜனவரி 19-ஆம் தேதிமுதல் மறுவிற்பனையில் வாங்கிய பழைய பதினான்கு தங்குமிடங்களின் பாயின்டுகளைக் கொண்டு ரிவியராவில் அறை பதிய முடியாது. ரிவியராவின் பாயின்டுகளை மறுவிற்பனையில் வாங்கியவர் வேறெங்கும் பதிய முடியாது. இந்தக் கட்டுப்பாடுகளைத் தரகர் சொல்லவில்லையென்றால் நாமே கேட்கவேண்டும். இவை விலையைக் குறைத்துக் கேட்பதற்கு முறையான காரணங்களும் ஆகின்றன.

இனி, பேரத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் மனிதர் ஒருவர் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டதும், அந்த ஒப்பந்தம் டிஸ்னியின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது. அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு, தாமே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை அந்த ஸ்தாபனத்தாருக்கு இருக்கிறது. முடிவு சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம். விலை மிகவும் குறைவாயிருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். இதைச் சொல்லியே, "கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்னி எடுத்துக்கொண்டுவிடும்" என்று தரகர்கள் வாங்குபவர் சொல்லும் விலையை உயர்த்துவது உண்டு. டிஸ்னி ஸ்தாபனத்தார் எடுத்துக்கொண்டால் வாங்குபவருக்கு முன்பணம் திரும்பி வந்துவிடுகிறது; காலந்தான் விரயமாகிறதே தவிர வேறு நஷ்டம் இல்லை. விலை கூடினால் தரகரின் கமிஷனும் கூடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் புத்திமதியை மரியாதையோடு கேட்டு, முடிவை நாமே செய்யவேண்டும். ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் மீது மனத்தைப் பறிகொடுத்தவர் பேரத்தில் பாதி தோற்றவர். அதே தங்குமிடத்தில் வேறு ஒப்பந்தங்கள் வந்துகொண்டே இருக்கும்.

எந்த விலை நியாயம் என்று அறிய விளம்பரங்களை நம்பவேண்டியதில்லை. அவற்றில் காண்பது கேட்கும் விலை மட்டுமே. இந்த ஒப்பந்தங்கள் அசையாச் சொத்துக்குரிய பத்திரங்களாதலால், அரசாங்கப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஆர்லாண்டோவை ஒட்டிய தங்குமிடங்களின் பத்திரங்களைப் பெரும்பாலும் ஆரஞ்சு கவுண்டி கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். பத்திரத்தின் வாசகத்தில் "பத்து டாலரும் இதர பிரதிபலனும்" என்பது போன்ற சம்பிரதாயத் தொகைதான் எழுதியிருக்கும். உண்மை விலை அதில் இராது. ஆனால் முதற்பக்கத்தின் மேற்புறத்தில் பதிவு அலுவலகத்தார் பொறித்திருக்கும் முத்திரை வரித் தொகையை ஊன்றிப் பார்த்தால் விலை வெளிப்பட்டுவிடும். புளோரிடாவில், மயாமி-டேட் கவுண்டி நீங்கலாக, இந்த வரி நூறு டாலருக்கு 70 சென்ட். வரி 112 டாலர் என்று இருந்தால் கிரயத் தொகை 16,000 டாலர். பத்திரத்தின் பாயின்ட் எண்ணிக்கை தெரிந்தால் பாயின்ட் விலை வந்துவிடும். சமீப மாதங்களில் பதிவான சில பத்திரங்களை இவ்விதம் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பேச உட்காருகிறவர், ஊகத்தின்மேல் பேசுகிறவரைவிடப் பன்மடங்கு பலம் உடையவர்.

இதைவிட முக்கியமானது வில்லங்கம் பார்ப்பது. புளோரிடாவின் டைம்ஷேர் சட்டமாகிய 721-ஆம் அத்தியாயத்தின்படி, முந்தைய சொந்தக்காரர் செலுத்தாமல் விட்ட பராமரிப்புக் கட்டணத்துக்குப் புதிய சொந்தக்காரரும் சேர்ந்தே பொறுப்பாவார். விற்பவர் அடமானக் கடன் வாங்கியிருந்தால் அதுவும் தீர்க்கப்படவேண்டும். ஆகையால் நிர்வாகத்தாரிடமிருந்து பாக்கி விவரச் சான்றையும், எந்த ஆண்டுக்கு எத்தனை பாயின்டுகள் எஞ்சியுள்ளன என்ற விவரத்தையும் எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் பணத்தை முடிக்கலாகாது. சொத்துரிமையில் குறை பின்னர் தெரியவந்தால் ஈடு தரும் டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வது சிறு செலவுதான். அதைச் சேமிக்க முயல வேண்டாம். விற்பவர் அமெரிக்காவில் வசிக்காத அந்நிய நாட்டவராயிருந்தால், கிரயத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்தைப் பிடித்து வருமான வரி இலாகாவுக்குச் செலுத்தும் பொறுப்பைக் கூட்டரசின் சட்டம் வாங்குபவர்மீதே சுமத்துகிறது. பத்திரம் முடிக்கும் நிறுவனத்தார் இதைக் கவனித்துக்கொள்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பணத்தை விற்பவரின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் செலுத்தக்கூடாது; இரு தரப்புக்கும் பொதுவாக நின்று பணத்தைக் காத்து வைக்கும், அனுமதி பெற்ற எஸ்க்ரோ நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்தவேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகக் கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணுக்கு அல்ல, முன்பே நாம் அறிந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளவேண்டும். இடையில் புகுந்து பணத்தைத் திசைதிருப்பும் வஞ்சகர்கள் எல்லா நிலச் சொத்து வியாபாரங்களிலும் இருக்கிறார்கள்.

விற்பவர்களுக்கோ அபாயம் இன்னும் கொடியது. "உங்கள் பங்குக்கு வாங்குபவர் தயாராக இருக்கிறார், வரியை மட்டும் முன்கூட்டிக் கட்டிவிடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைப்பதே அதன் தொடக்கம். மெக்சிகோவின் ஹலிஸ்கோ என்னும் குற்றக் கும்பல் இந்த உபாயத்தால் மெக்சிகோவில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்க முதியவர்களைக் கொள்ளையடித்து வருவதாக, 2024 ஜூலையில் அமெரிக்க நிதி இலாகாவும் எஃப்.பி.ஐ-யும் சேர்ந்து எச்சரித்தன. உழைத்துச் சேர்த்த பணத்தை இவ்விதம் இழந்த முதியவர்களின் துயரம் சாமானியமானதன்று. விற்றுத் தருவதாக முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுவதே பாதுகாப்பு. தரகர் தம் கூலியை விற்பனை முடிந்த பிறகு அந்தத் தொகையிலிருந்தே பெறட்டும். வேறு பல கம்பெனிகளின் டைம்ஷேர்கள் ஒரு டாலருக்கும், சும்மாவும்கூட விளம்பரமாவதைக் கண்டு மகிழ்ந்துபோகிறவர்களும், ஆண்டுக் கட்டணம் என்னும் பொறுப்பை ஒருவர் தம்மிடம் தள்ளிவிடுவதே அந்த இனாமின் பொருள் என்று உணர்வது நல்லது.

பரிகாரம் தேடும் இடங்களும் உண்டு. தரகரின் லைசென்ஸைப் புளோரிடாவின் தொழில் ஒழுங்குமுறை இலாகாவில் சரிபார்க்கலாம்; டைம்ஷேர் குறித்த புகார்களை ஏற்கும் தனிப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. மோசடியானால் மாநில அட்டர்னி ஜெனரலிடமும், ஃபெடரல் டிரேட் கமிஷனிடமும், இணைய வழியே நடந்ததாயின் எஃப்.பி.ஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் முறையிடலாம். வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் அதே நாளில் வங்கிக்குத் தெரிவிப்பதே முதற்கடமை. ஸ்தாபனத்தாரிடமே நேராக வாங்கியவருக்கு, 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமையைப் புளோரிடாச் சட்டம் தருகிறது; விற்பனைக்காரரின் பேச்சில் மயங்கிக் கையெழுத்திட்டவர், மறுவிற்பனை விலையை விசாரிக்க அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மறுவிற்பனை ஒப்பந்தத்திலோ, ரத்து செய்யும் கெடுவும் முன்பணம் திரும்பும் நிபந்தனையும் எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றன என்று கையெழுத்திடுவதற்கு முன்பே வாசித்துவிடவேண்டும்.

தமிழர்கள் கவனிக்கவேண்டிய சிறு விஷயம் ஒன்று. தகப்பனார் பெயரே சிலருக்குக் குடும்பப் பெயராகவும், சிலருக்கு வெறும் தலைப்பெழுத்தாகவும் நிற்பதால், பத்திரத்தில் பெயர் எழுதும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லவேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரும் வேண்டுமானால் தொடக்கத்திலேயே சேர்க்கவேண்டும்; பின்னர் சேர்ப்பதற்கு வேறொரு பத்திரமும் வேறு செலவும் ஆகும். பத்திரம் பதிவாகி, உறுப்பினர் கணக்கு திறக்கப்பட்டதும், ஒப்பந்தத்தில் கண்ட பாயின்டுகள் அத்தனையும் அந்தந்த ஆண்டுக்குக் கணக்கில் வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் தரகருக்கும் பத்திரம் முடித்த நிறுவனத்துக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.