கல்லீரல் போடும் கணக்கு

காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று மாத்திரைகளைச் சேர்த்துப் போடலாமா என ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல்.

வேலை முடிந்தபின் இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறும் விதம் வியப்பானது. பெரும்பகுதியைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடோ சல்பேட்டோடோ இணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. நூற்றில் 5 முதல் 10 பங்கு மட்டும் வேறு வழியில் போய் ‘நாப்கி’ என்ற நச்சாக மாறுகிறது. அந்த நச்சை ஆக்குவதும் கல்லீரல்தான். அதை முறிக்கும் குளூட்டாத்தயோனைக் கையிருப்பில் வைத்திருப்பதும் அதுவேதான்.

கோடையில் எங்கள் ஊர்க் கிணற்றில் காலையில் இறைத்தால் மாலைக்குள் நீர் ஊறிவிடும். ஊறுமுன் இறைத்தால் சேறுதான் வரும். குளூட்டாத்தயோனும் அப்படித்தான். அது வற்றினால் நாப்கி கல்லீரல் செல்களின் புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்கிறது. சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் இந்தக் கையிருப்பு முன்பே குறைந்திருக்கும்.

நலமாக இருக்கும் பெரியவர் ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை எடுக்கலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் போகவேண்டும். எல்லா மாத்திரைகளும் சேர்ந்து ஒரு நாளில் 4,000-ஐத் தாண்டவே கூடாது. 650 மாத்திரை என்றால் ஆறோடு சரி. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் இன்னும் குறைவு. அதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். குழந்தைக்கு வயதைவிட எடையே முக்கியம்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சமையலறைக் கரண்டியால் ஊற்றாதீர்கள்.

கடைகளில் அட்டையை வெட்டி, பெயரும் அளவும் இல்லாத துண்டைக் கையில் தருகிறார்கள். நாமும் கேட்காமல் வாங்கி விழுங்குகிறோம். உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்பது நம் உரிமை; சொல்வது அவர்கள் கடமை.

அளவு மீறினால் முதல் நாள் குமட்டலோடு போய்விடலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். கல்லீரல் சேதம் வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். மாற்றுமருந்தான அசிடைல்சிஸ்டீனோ முதல் 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் மிக நன்றாகக் காக்கும். ஆகவே, அளவு மீறியது தெரிந்ததும் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.