மந்திகைக்கு எப்போது போவது?

2020 மார்ச் 22இல் யாழ்ப்பாணத்தின் முதல் கொரோனா நோயாளி உறுதியானபோது, உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வைரசுக்கு அது விளங்குமா? இருமும்போதும் கதைக்கும்போதும் மூச்சோடு வரும் நுண்துளிகளில்தான் வைரசு பரவும். பூட்டிய அறையில் இன்னும் கெதியாக. அன்ரிபயோற்றிக்கும் அதைத் தொடாது. அது பக்டீரியாவுக்கான மருந்து.

அம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் முதலில் தேடியது விரலில் கொழுவும் ஒட்சிசன் மானியைத்தான். காய்ச்சலைவிடப் பயப்பட வேண்டியது இளைப்புக்கு. ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழே இறங்கினால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. எங்களுக்குக் கிட்ட வல்வெட்டித்துறை ஊறணி வைத்தியசாலை. கூடிய வசதிக்கு மந்திகை ஆதார வைத்தியசாலை, அதற்கும் மேலே யாழ். போதனா வைத்தியசாலை. வாகனம் இல்லையா? 1990க்கு அடியுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு வாங்கமாட்டார்கள்.