உங்களுக்குத் தெரியுமா? பூமியை எடைபோட்ட ஈயக் குண்டுகள்
ஈர்ப்பு விசை பூமிக்கு மட்டும் உரியதன்று. தொடாமல் இருந்தாலும் எந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன! விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1798-இல் லண்டனில் இதை அளந்தே காட்டினார். மெல்லிய கம்பியில் தொங்கிய மரத்தண்டின் இரு முனைகளிலும் சிறு ஈயக் குண்டுகள்; அவற்றின் அருகே, தலா 158 கிலோ எடையுள்ள பெரிய குண்டுகள். உடல் சூட்டில் அறைக் காற்று அசைந்தாலே கணக்குக் கெட்டுவிடும் என்பதால், வெளியே நின்று தொலைநோக்கி வழியே பார்த்தார். எவ்வளவு பொறுமை! பெரிய குண்டுகளின் இழுப்பில் தண்டு நகர்ந்தது சில மில்லிமீட்டர்தான். அதை வைத்தே பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்று கணித்தார்; இன்றைய மதிப்பு 5.51. கருவியை முதலில் வடிவமைத்த ஜான் மிச்செல், சோதனையைச் செய்யுமுன்பே இறந்துவிட்டார். இன்றைய மதிப்பு 5.51.