வாட்டிலிருந்து வீடு திரும்பிய பிள்ளை



கால் முறிந்து வைத்தியசாலையில் கிடந்த பிள்ளை வீடு திரும்பினால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மஃரிபுக்குப் பின் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் பழம் கொண்டு வருவார். இன்னொருவர் கஞ்சி காய்ச்சி அனுப்புவார். அதே பிள்ளை மனநல வாட்டிலிருந்து திரும்பினால்? கதவு சாத்தப்படுகிறது. "சாச்சி வீட்டுக்குப் போயிருந்தது" என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. நோட்டன் பிரிட்ஜ் போன்ற சிறியதோர் ஊரில் ஒரு வீட்டுச் செய்தி மறைந்திருப்பது அரிது. ஆகவே பெற்றோரின் அச்சம் புரியாததல்ல. ஆனால் அந்தப் பொய்யை அறைக்குள்ளிருந்து பிள்ளையும் கேட்கிறது. தன் நோய் ஒரு குற்றம் என்று அது விளங்கிக் கொள்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. குணமடைந்து வெளியேறுவோர் உடனே உழைக்க ஓட வேண்டிய நிலை ஏற்படாதிருக்க, வக்ஃபு வருமானத்திலிருந்து அவர்களுக்குப் பணமும் வழங்கப்பட்டது. வாட்டிலிருந்து வெளியேறுவதும் முழுமையாகக் குணமாவதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இதைத்தான் நாம் இன்று மறந்து விடுகிறோம். பிள்ளை மூன்று வாரம் நன்றாக உறங்குகிறது, உண்கிறது, சிரிக்கிறது. உடனே, "இனி எதற்குக் குளிசை?" என்கிறோம். அந்தச் சிரிப்பே குளிசையின் பயனாக இருக்கலாம் அல்லவா? மனச்சோர்வுக்கான மருந்து தன் பலனைக் காட்டவே சில வாரங்கள் செல்லும். குணம் தெரிந்த பின்னரும் பல மாதங்கள் அதைத் தொடர வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பவும் கூடும். தூக்கக் கலக்கம், உடல் பருத்தல், கைகால் இறுக்கம் போன்றவை தோன்றினால் அவற்றை எழுதி வைத்து வைத்தியரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவரால் இயலும். குளிசையை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள்.

"ஜின்னின் தீங்காக இருக்குமோ?" என்று சிலர் கேட்பார்கள். ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். துஆச் செய்யுங்கள், குர்ஆன் ஓதுங்கள், அதனால் பிள்ளையின் உள்ளம் அமைதியடையும். ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டிருக்கும்போது, ஓதுவதற்காக மருந்தை நிறுத்துவது எந்த வகையில் தவக்குல் ஆகும்?

தமிழ்நாட்டின் ஏர்வாடியை நம்மில் பலர் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே தர்காவுக்கு அருகில் தனியார் நடத்திய மனநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. பல மதங்களைச் சேர்ந்த குடும்பங்கள் தம் நோயாளரை அவ்வூருக்குக் கொண்டு வந்து விடுவது வழக்கமாக இருந்தது. அவர்களும் அன்புள்ளவர்கள்தாம். களைத்துப் போயிருந்தார்கள், வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் துஆவும் மருந்தும் ஒன்றாகவே கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

இனி, பேசத் தயங்கும் ஒரு விடயம். வைத்தியசாலையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிகுதி. "சாக வேண்டும் போல் இருக்கிறதா, மகன்?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டி விடுவோமோ என அஞ்சாதீர்கள். அப்படி நிகழ்வதில்லை, கேட்பதால் பிள்ளையின் பாரம் குறையும். பதில் எதுவாயினும், "ஹராம் அல்லவா!" என்று அந்த வேளையில் அதட்டாதீர்கள். அருகில் இருங்கள்.

வீட்டிலுள்ள களைநாசினி, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், பெனடோல் அட்டைகள் யாவற்றையும் பூட்டி வையுங்கள். 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பின் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததே எத்தனையோ பேரைக் காப்பாற்றியது என்பது இதன் பொருள். நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய மனநல உதவி எண் 1926. உயிராபத்து எனில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

பாடசாலைக்கு அனுப்ப அவசரப்பட வேண்டாம். ஆண்டுக் கணக்கில் வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடம் மட்டும் உண்மையைக் கூறி, முதல் வாரம் பாதி நாளாகத் தொடங்கலாம். இளைஞர்களே, உங்கள் நண்பன் திரும்பி வரும்போது, "என்னடா நடந்தது?" என்று துருவ வேண்டாம். வழக்கம்போல் கிரிக்கட்டுக்கு அழையுங்கள். வர மறுத்தால் மறுநாளும் அழையுங்கள்.

ரமழானைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை வழங்கியுள்ளான். லிதியம் போன்ற மருந்தெடுப்போர் உடலில் நீர் குறைந்தால் ஆபத்துக்கு உள்ளாகலாம். எனவே ஷஅபான் மாதத்திலேயே வைத்தியரிடம் கேட்டு, குளிசை வேளையை மாற்றலாமா, நோன்பை விடுவதா என்று தீர்மானியுங்கள். பிள்ளை நோன்பு பிடிக்காததைப் பற்றிப் பிறர் கேட்டால் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. அதைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள்.

கிளினிக் டிக்கோயாவிலோ, நுவரெலியாவிலோ, கண்டியிலோ எங்கிருந்தாலும், இங்கிருந்து பஸ்ஸில் போய்த் திரும்ப ஒரு நாள் சம்பளம் போய் விடுகிறது. மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. ஆகவே குளிசை தீர்வதற்குச் சில நாட்கள் முன்னதாகவே திகதி தருமாறு கேளுங்கள். எப்போதும் உம்மாவே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு முறை வாப்பா, ஒரு முறை ராத்தா, வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள அயல்வீட்டார் ஒருவர். வரும் வழியில் ஹட்டனில் இறங்கி, பிள்ளையுடன் ஒரு பிளேன்டீ குடித்து விட்டு வாருங்கள்.